டிஸ்கஸ் தொட்டிக்கு முதல் செலவு

டிஸ்கஸ் வளர்க்க ஆசைப்பட்டு மீன் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஃபில்டர் போடலாம்?" என்பதைத்தான். கடைக்காரரும் நாலைந்து பெட்டிகளை எடுத்து மேசைமேல் அடுக்குவார். என்னைக் கேட்டால், அந்தப் பெட்டிகளைத் தொடும் முன், வீட்டில் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நிறுத்த ஒரு மூலை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். டிஸ்கஸுக்கு வாங்கும் சாமான்களில் முதலிடம் அந்த டிரம்முக்குத்தான். தொட்டித் தண்ணீரை அடிக்கடி, அலுப்பில்லாமல், மீனுக்கு அதிர்ச்சி தராமல் மாற்ற ஒரு வழி இருந்தால் மற்ற குறைகளைச் சமாளித்துவிடலாம். அந்த வழி இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டரும் டிஸ்கஸைக் காப்பாற்றாது.

காரணம் மீனின் பூர்வீகத்தில் இருக்கிறது. ஆஸ்திரிய விலங்கியலாளர் யோஹான் யாக்கோப் ஹெக்கல் 1840இல் இதற்கு 'சிம்ஃபைசோடான் டிஸ்கஸ்' என்று பெயர் சூட்டினார். மாதிரியைப் பிரேசிலில் சேகரித்தவர் யோஹான் நாட்டரர். இடம், அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோ. காட்டுச் சருகு ஊறி ஊறிக் கருத்த ஆறு அது. கரைந்த உப்புகள் அதில் மிகமிகக் குறைவு. பி.எச். அளவு 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். வெப்பம் 28 முதல் 30 டிகிரி வரை. மனாவுஸ் நகரருகே ஆண்டுதோறும் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்கு வெள்ளம் ஏறி இறங்குகிறது. வெள்ளம் வரும்போது மரங்களுக்கிடையில் மீன் நீந்துகிறது. வடியும்போது கரையோரம் சாய்ந்து கிடக்கும் மரங்களின் கிளைகளுக்குள் கூட்டமாகப் பதுங்குகிறது. நிழல், வெதுவெதுப்பு, வேகமில்லாத ஓட்டம், கழிவு ஒரு நொடியும் தங்காத பெருநீர்: இதில் பழகிய உடல் அது.

இன்று கடைகளில் விற்பவை அநேகமாக எல்லாமே தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்த தலைமுறைகள். 1990ஐ ஒட்டித் தாய்லாந்தில் உருவான 'பிஜியன் பிளட்' வகையும் அதன் வழிவந்தவையும் காட்டு ஆற்றைப் பார்த்ததே இல்லை. உப்பு கொஞ்சம் கூடினாலும், பி.எச். 7.5ஐத் தொட்டாலும் இவை தாக்குப்பிடிக்கும். முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க மட்டும் மென்னீர் வேண்டும். ஆகவே வளர்க்க மட்டுமே நினைக்கிறவர் ரியோ நெக்ரோவைச் சென்னையில் கட்டி எழுப்பப் போராட வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்களில் தலைமுறைகள் மாறியும் இந்த மீன் இறங்கி வரவில்லை. ஒன்று வெப்பம், மற்றது தூய்மை.

தூய்மை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதன் தோலைப் பார்த்தால் போதும். டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தகப்பன் இருவரின் உடம்பில் ஊறும் கோழையைத் தின்று வளர்கின்றன. 1959இல் ஹில்டமன் என்ற ஆய்வாளர் இதை விவரித்து எழுதினார். 2010இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் அறிவியலாளர்களுடன் சேர்ந்து, குஞ்சு பராமரிக்கும் காலத்தில் அந்தக் கோழையில் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் கூடுவதைக் காட்டினார்கள். சுமார் மூன்று வாரத்தில் பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்கி, மெல்லப் பால் மறக்கடிக்கிறார்கள். கவசமாகவும் உணவாகவும் இருக்கும் அந்தக் கோழைப் படலம் எந்நேரமும் தண்ணீரோடு ஒட்டி உறவாடுகிறது. தண்ணீரில் என்ன கெட்டாலும் முதல் அடி அதற்குத்தான்.

இப்போது டிரம்முக்கு வருவோம். சென்னை வீடுகளில் தண்ணீர் மூன்று வழியாக வருகிறது: மெட்ரோ, போர், லாரி. மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் ஒருநாள் குறைவாகவும் ஒருநாள் தூக்கலாகவும் இருக்கும். ஒரு சொட்டு மருந்து போட்டால் அது போய்விடும். கடையில் 'ஆன்டி குளோரின்' என்று கேட்டால் கிடைக்கும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்ஃபேட்தான். போர் தண்ணீரில் சிக்கல் வேறு. நிலத்தடியிலிருந்து ஏறும்போது அதில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். ஒரு டம்ளர் பிடித்த கையோடு சோதித்தால் பி.எச். 7 காட்டும். அதே தண்ணீரை வாளியில் ஊற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, மறுநாள் காலை சோதித்தால் 8ஐ நெருங்கியிருக்கும். கரியமில வாயு வெளியேறியதுதான் காரணம். குழாயிலிருந்து நேராகத் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினால் இந்த ஏற்றம் முழுவதும் மீன் இருக்கும்போதே, சில மணி நேரத்துக்குள் நடக்கும். டிரம்மில் ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்து வைத்தால் அந்த ஆட்டம் அங்கேயே அடங்கிவிடும்.

டிரம்முக்குள் ஒரு ஏர் ஸ்டோன், ஒரு ஹீட்டர், ஒரு சின்ன முழுகு பம்ப், தொட்டி வரை எட்டும் ஹோஸ் பைப். இவ்வளவுதான். பம்ப் வாங்கும்போது பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பி ஏமாற வேண்டாம்; அது தண்ணீரைத் தூக்காமல் தள்ளும்போது வரும் அளவு. தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து 4 அடி இருந்தால் அந்த உயரத்துக்கு எவ்வளவு ஏற்றும் என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் ஹோஸ் குளியலறை வரை நீளமாக இருப்பது நல்லது. வாளியில் சுமப்பவர்கள் இரண்டாவது மாதம் சோர்ந்துவிடுகிறார்கள். அதன்பின் மீன்தான் அதற்கு விலை கொடுக்கிறது. மாடியில் செடி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பழைய தண்ணீர் நைட்ரேட் கலந்த நல்ல உரம்.

உப்பு அதிகமான போர் தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கலாம். டி.டி.எஸ். மீட்டர் பேனா ஒன்று இருந்தால் கணக்கு எளிது. 900 காட்டும் போர் தண்ணீர் ஒரு பங்கு, 30 காட்டும் ஆர்.ஓ. தண்ணீர் நாலு பங்கு கலந்தால் சுமார் 200 வரும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது தவறு. கார்பனேட் உப்பு கொஞ்சமாவது இல்லாவிட்டால் பி.எச். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் திடீரென்று சரியும். கழிவை உண்ணும் பாக்டீரியாக்கள் வேலை செய்யும்போது அந்தக் கார்பனேட்டைத் தொடர்ந்து செலவழித்துக்கொண்டே இருக்கின்றன.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தண்ணீரில் அது இரண்டு வடிவில் இருக்கும்: அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் அயனி, செவுளைத் தாக்கும் தனி அம்மோனியா. எது எவ்வளவு என்பதைப் பி.எச். அளவும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 30 டிகிரியில், பி.எச். 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவம் இருக்கும். பி.எச். 8 என்றால் 7 சதவீதத்தைத் தாண்டும். 8.5 என்றால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. வேறு மீன்களை 25 டிகிரியில் வைத்துச் சமாளிக்கலாம். டிஸ்கஸுக்கு அந்த வழி கிடையாது. அதனால்தான் இதை வளர்ப்பவர்கள் தண்ணீர் மாற்றுவதை இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறார்கள். வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும். ஒரு நாளைக்கு நாலைந்து வேளை புரத உணவு தின்னும் சிறு மீன்களுக்கோ தினமும் மாற்ற வேண்டும். அந்த வயதில் தீனியும் சுத்தமும் குறைந்த மீன் குட்டையாக, கண் மட்டும் பெரிதாக நின்றுவிடும். பிறகு எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் அது வட்ட வடிவம் பெறாது.

தொட்டியின் அளவையும் இந்தக் கணக்கே தீர்மானிக்கிறது. வளர்ந்த டிஸ்கஸ் 15 செ.மீ.க்கு மேல் போகும்; துடுப்புகளோடு சேர்த்து உயரமும் அதிகம். ஒரு மீனுக்கு 40 லிட்டர் என்பது வளர்ப்போர் கையாளும் பொதுக் கணக்கு. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஆறு வைத்தால்தான் சண்டை ஒரே மீன்மேல் விடியாமல் பகிர்ந்துபோகும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி. விளிம்பு வரை 255 லிட்டர். தொடங்குவதற்கு இது சரியான அளவு. அழகுக்காக உயரத்தை 2 அடியாக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் கொள்ளளவு 340 லிட்டராகும். முன்பக்கக் கண்ணாடிமேல் தண்ணீர் தள்ளும் விசை சுமார் 130 கிலோவிலிருந்து 230 கிலோவுக்கு எகிறும். விசை உயரத்தின் வர்க்கத்தோடு கூடுவதே காரணம். அந்த உயரத்துக்குக் கண்ணாடி 12 மி.மீ. கனமாவது வேண்டும், மேலே குறுக்குப் பட்டையும் வேண்டும். ஒன்றரை அடியே நிறைவு என்பது என் கருத்து. முழங்கையை நனைத்தால் தரை எட்டும் தொட்டியைத்தான் மனிதர்கள் தொடர்ந்து துடைப்பார்கள்.

தொட்டி, தண்ணீர், இரும்பு ஸ்டாண்டு, பக்கத்தில் டிரம் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். சுவரோரமாக, கீழே பீம் போகும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். தொட்டிக்கடியில் ஒரு தெர்மோகோல் பலகை. தரைக்கு மணலோ கூழாங்கல்லோ போடாமல் வெறும் கண்ணாடியாக விடுவது முதல் ஆண்டுக்கு நல்லது. எச்சமும் மிஞ்சிய தீனியும் கண்ணுக்குத் தெரிந்தால்தானே உறிஞ்சி எடுக்க முடியும். பின்பக்கம் வெளிர் நீலத் தாள் ஒட்டலாம். கறுப்புப் பின்னணியில் பிஜியன் பிளட் வகை மீன்களின் உடம்பில் மிளகு தூவியமாதிரி கரும்புள்ளி கூடிவிடும்.

"சென்னை வெயிலில் ஹீட்டர் எதற்கு?" என்று கேட்காதவர்கள் இல்லை. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது; தொட்டித் தண்ணீரும் பின்தொடர்ந்து இறங்கும். மழைக்காலத்தில் பகலும் குளிர்ந்திருக்கும். 25 டிகிரியில் சில நாள் நின்றாலே டிஸ்கஸ் தீனி குறைத்து, கறுத்து, மூலையில் ஒதுங்கும்.

எத்தனை வாட் என்பதைவிட எத்தனை ஹீட்டர் என்பதே சரியான கேள்வி. ஹீட்டர்கள் இரண்டு விதமாகப் பழுதாகும். சூடாகாமலே போவது ஒன்று. உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனை ஒட்டிக்கொண்டு, அணையாமல் எரிந்துகொண்டே இருப்பது மற்றொன்று, ஆபத்து இதில்தான். 220 லிட்டர் தண்ணீரில் 300 வாட் ஹீட்டர் ஒன்று இப்படி ஒட்டிக்கொண்டால், வெளியே கசியும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு 1 டிகிரி ஏறும். காலையில் 29 டிகிரியில் விட்டு அலுவலகம் போனவர் மாலை திரும்பும்போது மீன் பிழைத்திருக்காது. அதற்குப் பதில் 100 வாட் ஹீட்டர்கள் இரண்டை இரு முனைகளிலும் வைத்திருந்தால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் 1 டிகிரி ஏற இரண்டரை மணி நேரமாகும். தண்ணீர் சூடாகச் சூடாக அறைக்கு இழக்கும் வெப்பமும் கூடுவதால், அது ஒரு கட்டத்தில் நின்றுவிடவும் வாய்ப்பு உண்டு. மற்ற ஹீட்டர் தானாகவே அணைந்திருக்கும். ஒன்று சூடாகாமல் போனாலும் மற்றது இரவைத் தாண்ட வைக்கும். நம் ஊர்க் குளிருக்கு லிட்டருக்கு 1 வாட் என்ற அளவே அதிகபட்சம். குளிர்நாட்டுப் புத்தகம் சொல்லும் பெரிய ஹீட்டர் இங்கே தேவையில்லை, கெடுதலும்கூட. தனியாக ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். ஹீட்டரின் திருகில் எழுதியிருக்கும் எண் தண்ணீரின் வெப்பம் ஆகாது.

சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழாகும். அறை 36 டிகிரியைத் தொடும்போது தொட்டி 33க்குப் போய்விடலாம். தொட்டியின் மேல்பரப்பில் காற்று வீசும் சின்ன விசிறி ஒன்று போதும். 220 லிட்டரில் ஒரே ஒரு லிட்டர் ஆவியானாலும் மீதித் தண்ணீரிலிருந்து இரண்டரை டிகிரிக்கு ஈடான வெப்பத்தை அது எடுத்துக்கொண்டு போகிறது. கடல்காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் இந்தப் பலன் குறையும். ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போவதால், குறைந்த மட்டத்தை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றலாம்.

வெயில் காலத்தில் ஆக்சிஜனும் குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மி.கி. ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 7.6 மி.கி.தான். அதே சூட்டில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சுத் தேவை கூடுகிறது. இதை மனதில் வைத்துத்தான் ஃபில்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபில்டர் என்பது அழுக்கை வடிகட்டும் சல்லடை என்றே பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை பாக்டீரியாவுக்கு வீடு கொடுப்பது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபேக்டர் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1990களின் பிற்பகுதியில் திமோத்தி ஹோவனெக்கும் அவர் குழுவும் மீன் தொட்டிகளைச் சோதித்து, அங்கே அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். 2011இல் வெளிவந்த ஆய்வொன்று, நன்னீர்த் தொட்டி ஃபில்டர்கள் பலவற்றில் அம்மோனியாவை மாற்றுவதில் பாக்டீரியாவைவிட ஆர்க்கியா என்ற வேறு நுண்ணுயிர்களே அதிகம் இருப்பதைச் சொன்னது. எந்த உயிராக இருந்தாலும் அதற்கு வேண்டியவை இரண்டு: ஒட்டிக்கொள்ளப் பரப்பு, தடைபடாத ஆக்சிஜன்.

இந்த இரண்டையும் மிகக் குறைந்த விலையில் தருவது ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஏர் பம்ப் அனுப்பும் குமிழிகள் குழாய்வழி மேலேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. அந்த இழுப்பில் தொட்டித் தண்ணீர் ஸ்பாஞ்ச் வழியாகப் புகுந்து வருகிறது. குஞ்சை உறிஞ்சாது. ஓட்டம் மென்மையானது. மேல்பரப்பைக் கலக்கி ஆக்சிஜனையும் சேர்க்கும். நாலடித் தொட்டிக்குப் பெரிய ஸ்பாஞ்ச் இரண்டு போட்டு, வாரம் ஒன்றை மாற்றி மாற்றிக் கழுவலாம். கழுவ வேண்டியது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான். குழாயைத் திறந்து பிழிந்தால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கேனிஸ்டர் ஃபில்டர் தண்ணீரைப் பளிச்சென்று வைக்கும், தொட்டிக்குள் இடம் அடைக்காது. பணம் இருப்பவர்கள் அதைக் கூடுதலாக வைக்கட்டும். ஓட்டத்தைப் பல துளைகள் உள்ள குழாய்வழி பின்கண்ணாடியை நோக்கிப் பரப்பிவிட வேண்டும். எதிர்நீச்சல் போடும் மீன் அல்ல டிஸ்கஸ். ஆனால் கேனிஸ்டரை மட்டும் நம்புவதற்கு நம் ஊரில் ஒரு தடை இருக்கிறது. மூடிய டப்பா அது. மின்சாரம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாக்கள் விரைவில் தீர்த்துவிட்டு இறக்கத் தொடங்கும். பல மணி நேரம் கழித்து மின்சாரம் வரும்போது அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதையும் அது தொட்டிக்குள் தள்ளும். அப்படிப்பட்ட நேரத்தில் கேனிஸ்டரைத் திறந்து கழுவிய பின்பே ஓட்ட வேண்டும். ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரில் நிற்பதால் இந்தக் கவலை குறைவு. மின்சாரம் போனதும் தானே பேட்டரிக்கு மாறும் ஏர் பம்ப் சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளில் கிடைக்கிறது. அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. புயல் வந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லாத வீடுகளில் மீனை உயிரோடு வைப்பது அதுதான்.

ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், இல்லையென்றால் குழாயில் ஒருவழி வால்வு மாட்ட வேண்டும். பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய்வழி திரும்பி மின்மோட்டாருக்குள் இறங்கும். ஒவ்வொரு ஒயரும் பிளக் பாயின்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழிந்து வரும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும். தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கையை விடும் முன் ஹீட்டரை அணைப்பது எப்போதும் பழக்கமாக வேண்டும்.

விளக்குக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். மங்கலான ஒரு எல்.இ.டி. பட்டை போதும். செடி வேண்டுமென்றால் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் 29 டிகிரியைத் தாங்கும். ஒரு மரக்கட்டையில் கட்டிவிட்டால் போதும். யு.வி. விளக்கு தண்ணீரில் மிதக்கும் கிருமிகளை மட்டுமே குறைக்கும்; மீன்மேல் ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது. அதற்கு வைத்திருக்கும் பணத்தில் 60 லிட்டர் தொட்டி ஒன்றை வாங்கி, புதிதாக வரும் மீனைச் சில வாரம் தனியே வைக்கப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல். அதற்கான ஸ்பாஞ்ச் எப்போதும் பெரிய தொட்டியில் ஊறிக்கொண்டே இருக்கட்டும். தேவைப்படும் அன்றே பாக்டீரியாவோடு எடுத்து வைக்கலாம்.

எல்லாம் பொருத்திய பின்பும் மீன் வாங்க அவசரப்படக் கூடாது. தண்ணீரில் அம்மோனியா சேர்த்து, பாக்டீரியா குடியேறும் வரை காத்திருக்க வேண்டும். பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி வாங்கி அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் பார்த்துவர வேண்டும். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். ஊற்றிய அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் சுழி காட்டினால் தொட்டி தயார். அன்று பாதிக்கு மேல் தண்ணீரை டிரம்மிலிருந்து மாற்றி, நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.

கடையில் உடம்பின் வட்டத்தைப் பாருங்கள், கண்ணின் அளவைப் பாருங்கள், தீனி போடச் சொல்லிப் பாருங்கள். ஓடி வந்து தின்னும் மீனை எடுங்கள். வெள்ளையாக, நூலாக எச்சம் தொங்கும் மீனை விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். உள்ளூர்க் கடையிலிருந்து அரை மணி நேரப் பயணம் என்றால் பையை மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்ததும், கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துப் பழக்கலாம். வெளியூரிலிருந்து ஒரு நாள் பயணித்து வந்த பைக்கு அந்த முறை ஆகாது. மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா தீங்கில்லாத அயனி வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அடங்கியிருந்த அம்மோனியா நச்சாக மாறும். மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகப் பழக்கினால் மீனை அந்த நச்சிலேயே ஊறவைக்கிறோம். வெப்பம் ஒத்தவுடன் பையைத் திறந்து, மீனை மட்டும் கையிலோ மென்வலையிலோ ஏந்தித் தொட்டியில் விட்டுவிட்டு, பையில் இருந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும்.